கல்லா நிறைகிறது, லாபம் எங்கே? சிறு வணிகர்கள் பார்க்க வேண்டிய எண்கள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது யாராவது கேட்பார்கள்: "வியாபாரம் எப்படிப் போகுது பாய்?" நாமும் "அல்ஹம்துலில்லாஹ், ஓடிக்கிட்டு இருக்கு" என்போம். அடுத்தவருக்குச் சொல்ல அது நல்ல பதில். ஆனால் இரவு ஷட்டரை இறக்கிய பிறகு அதே கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொண்டால் அந்தப் பதில் போதாது. எவ்வளவு ஓடுகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும்.

இதை எழுதுகிற நானும் ஒரு கடையை மூடியவன்தான். பதினோரு வருடம் சவூதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு ஊருக்கு வந்து ஜவுளிக் கடை திறந்தேன். துபாயில் இருந்த மச்சானும் ஐந்து லட்சம் போட்டார். மூன்று வருடம் நடந்தது. ஆள் வராத கடை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தினமும் கல்லாவில் பணம் இருந்தது. மூன்றாவது வருடம், மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்காக மனைவியின் நகைகளை விற்றபோதுதான் ஏதோ சரியில்லை என்று உறைத்தது. அதன் பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டிய நேரம் அதற்கு இரண்டரை வருடத்துக்கு முன்பு.

பெரிய நிறுவனங்களில் 'கே.பி.ஐ.' என்று ஒன்று வைத்திருப்பார்கள். தொழில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டும் முக்கியமான சில எண்கள், அவ்வளவுதான். இது ஏதோ எம்.பி.ஏ. படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். நம் முன்னோர்கள் சிட்டையில் அன்றாடக் கணக்கை எழுதி, பேரேட்டில் ஆள்வாரியாகப் பதிந்து, வருடக் கடைசியில் ஐந்தொகை போட்டார்கள். மலாயாவில் கடை வைத்திருந்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். நோட்டை விட்டு கால்குலேட்டருக்கும், கால்குலேட்டரை விட்டு செல்போனுக்கும் மாறிய நாம், நடுவில் எழுதும் பழக்கத்தைத்தான் தொலைத்துவிட்டோம்.

முதல் எண்: கடை தன் காலில் நிற்க ஒரு நாளைக்கு எவ்வளவு விற்க வேண்டும்?

என் கடைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். எண்களைக் கொஞ்சம் முழுதாக்கிச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை விடுமுறை போக மாதம் 26 நாள் கடை. ஒரு நாளைக்குச் சராசரியாக 10,000 ரூபாய் விற்பனை. ஆக மாதம் 2,60,000 ரூபாய். 300 ரூபாய்க்கு வாங்கியதை 400 ரூபாய்க்கு விற்கிற வியாபாரம் என்பதால், விற்பனையில் கால்வாசி, அதாவது 65,000 ரூபாய் கடைக்கு மிஞ்சும். வாடகை 18,000, இரண்டு பையன்களுக்குச் சம்பளம் 26,000, கரண்ட் 6,000, கவர், டீ, கொள்முதலுக்குப் போய்வரும் செலவு என்று இன்னொரு 5,000. மொத்தம் 55,000. கையில் நிற்பது 10,000 ரூபாய்.

பத்தாயிரம் லாபம் என்று சந்தோஷப்படலாமா? காலை ஒன்பதரை முதல் இரவு பத்து மணி வரை நின்றவன் நான். என் கடையில் வேலை பார்த்த பையனுக்கு 13,000. முதலாளிக்கு 10,000. அதிலும் மச்சான் போட்ட பணத்துக்கு 'லாபம்' என்று மாதம் 8,000 அனுப்பிக்கொண்டிருந்தேன். வீட்டுச் செலவு, பிள்ளைகள் பள்ளிக் கட்டணம் என்று கல்லாவிலிருந்து மாதம் 25,000 எடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு மாதமும் 23,000 ரூபாய் பள்ளம். மூன்று வருடத்தில் அது எட்டு லட்சத்தைத் தாண்டுகிறது.

இவ்வளவு பெரிய பள்ளம் எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போனது? மொத்த வியாபாரிகள் கடனுக்குச் சரக்கு தந்தார்கள். அந்தச் சரக்கு விற்ற பணம் உடனே கல்லாவுக்கு வந்தது. கொடுக்க வேண்டியதோ இரண்டு மாதம் கழித்து. அந்த இரண்டு மாத இடைவெளியில் கல்லாவில் கிடந்த பணம் என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். அது என்னுடையது அல்ல. கல்லா நிறைந்திருப்பதும் லாபம் வருவதும் வேறு வேறு விஷயம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, கடையில் உட்காரும் உங்களுக்கே ஒரு சம்பளம் வைப்பது. வேறொருவரை அந்த இடத்தில் உட்கார வைத்தால் என்ன கொடுப்பீர்களோ, அது. 25,000 என்று வைத்தால் மாத நிலைச் செலவு 55,000 அல்ல, 80,000. விற்பனையில் கால்வாசிதான் நமக்கு மிஞ்சும் என்றால், 80,000 மிஞ்ச 3,20,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 12,300. இதுதான் அந்தக் கடையின் உயிர்நாடி எண். இதற்குக் கீழே விற்கும் ஒவ்வொரு நாளும் முதலைத் தின்கிற நாள். நான் இந்த எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிக் கல்லாப்பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருந்தால் முதல் ஆறு மாதத்திலேயே விழித்திருப்பேன்.

கூடவே இன்னொரு ஏற்பாடு. ஜி-பே, போன்-பே பணம் வீட்டுச் செலவுக்கான வங்கிக் கணக்கிலேயே வந்து விழுந்தால் எந்த எண்ணும் நிற்காது. கடைக்குத் தனிக் கணக்கு, அதிலிருந்து மாதம் ஒரு முறை உங்கள் சம்பளம் வீட்டுக் கணக்குக்கு. நடுவில் அவசரத்துக்குக் கல்லாவிலிருந்து எடுத்தால், எடுத்ததை எழுதிவையுங்கள். மகன் எடுத்தாலும் சரி, நீங்கள் எடுத்தாலும் சரி.

தள்ளுபடி என்ற ஓட்டை

300 ரூபாய்க்கு வாங்கி 400 ரூபாய்க்கு விற்கும் சட்டைக்கு எத்தனை சதவீத லாபம் என்று கேட்டால் பலரும் 33 என்பார்கள். வாங்கிய விலையில் பார்த்தால் அது சரி. ஆனால் தள்ளுபடியை நாம் விற்கும் விலையில்தான் தருகிறோம். விற்கும் விலையில் பார்த்தால் லாபம் 25 சதவீதம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் '33 வருது, 10 தள்ளினாலும் 23 நிக்கும்' என்று மனக்கணக்கு போடுகிறோம்.

உண்மையில் என்ன நடக்கிறது? 400 ரூபாயில் 10 சதவீதம் தள்ளினால் 360. அடக்கம் 300. மிஞ்சுவது 60. நூறு ரூபாய் கிடைத்த இடத்தில் அறுபதுதான் கிடைக்கிறது. தள்ளியது பத்து சதவீதம், போனது லாபத்தில் நாற்பது சதவீதம். முன்பு 60 சட்டை விற்றுச் சம்பாதித்ததை இனி 100 சட்டை விற்றால்தான் சம்பாதிக்க முடியும். பத்து சதவீதத் தள்ளுபடிக்காக உங்கள் கடைக்கு அத்தனை புது ஆட்கள் வருவார்களா? எதிர்க் கடைக்காரர் போர்டு வைத்தார் என்று நாமும் வைப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

தேங்கிக் கிடக்கும் சரக்கைத் தள்ள தள்ளுபடி போடுவது வேறு. அது சரியான வேலை. அதற்கு எந்தச் சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று தெரிய வேண்டுமே!

அலமாரியில் தூங்கும் பணம்

கடையை மூடும் முன் சரக்கை எண்ணினேன். வாங்கிய விலைக்கு ஒன்பது லட்சம் இருந்தது. அதே நேரத்தில் மொத்த வியாபாரிகளுக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி ஏழரை லட்சம். அந்த ஒன்பதில் மூன்று லட்சம் சரக்கு ஒரு வருடத்துக்கு மேல் பழையது. ஓரம் வெளுத்த சுடிதார், ஃபேஷன் போன சட்டை, யாருக்கும் பொருந்தாத அளவுகள். கடைசியில் நடைபாதையில் துணி விற்கும் ஒருவர் ரூபாய்க்கு நாற்பது பைசா என்று விலை பேசி எடுத்துப் போனார்.

சரக்கு எத்தனை நாளில் திரும்புகிறது என்பது இரண்டாவது முக்கியமான எண். கணக்கு எளிது. மாதம் 2,60,000 விற்றால் அதன் அடக்க விலை 1,95,000. கையிருப்பு ஒன்பது லட்சம். ஒன்பது லட்சத்தை 1,95,000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய நாலரை மாதம். இன்று வாங்கும் சரக்கு சராசரியாக நாலரை மாதம் கழித்துத்தான் பணமாகிறது. மொத்த வியாபாரி கொடுத்த தவணையோ அறுபது நாள். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே கடை எங்கே முட்டப் போகிறது என்று தெரிந்துவிடும்.

இதில் இன்னொரு பாடம் உண்டு. லாபம் அதிகம் என்று நாம் விரும்பும் சரக்கு, உண்மையில் நமக்குச் சம்பாதித்துத் தரும் சரக்காக இல்லாமல் போகலாம். ஒரு லட்ச ரூபாய்க்கு அபாயா வாங்கிப் போடுகிறீர்கள், நூறு ரூபாய் கொள்முதலுக்கு முப்பது ரூபாய் லாபம், ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவைதான் விற்றுத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 60,000 கிடைக்கும். அதே ஒரு லட்சத்துக்குக் கைலி, பனியன் போடுகிறீர்கள். நூறு ரூபாய்க்குப் பன்னிரண்டு ரூபாய்தான் லாபம். ஆனால் வருடத்துக்குப் பத்து தடவை திரும்புகிறது. 1,20,000 கிடைக்கும். 'கைலியில என்ன பெருசா கிடைக்கும்' என்று அதைக் கடைசி அலமாரிக்குத் தள்ளியவன் நான்.

இதற்கு கம்ப்யூட்டர் தேவையில்லை. பழைய ஜவுளிக் கடைகளில் விலைச் சீட்டின் மூலையில் கொள்முதல் விலையை ரகசிய எழுத்தில் குறித்திருப்பார்கள். நீங்களும் சீட்டில் வாங்கிய மாதத்தையும் வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அலமாரியைப் புரட்டும்போது ஆறு மாதம் தாண்டியது தனியாக வரட்டும். அதற்குத்தான் தள்ளுபடி.

மளிகை, மருந்து, பேக்கரி வைத்திருப்பவர்களுக்குக் காலாவதித் தேதியே இந்த வேலையைச் செய்துவிடுகிறது. பிரியாணிக் கடைக்காரர்களுக்குச் சரக்கு தேங்காது, ஆனால் வேறு எண் உண்டு. ஒரு கிலோ அரிசிக்கு எத்தனை பிளேட் இறங்குகிறது, இரவு எத்தனை பிளேட் மீந்தது, ஆன்லைன் டெலிவரியில் கமிஷன் போகக் கைக்கு என்ன வருகிறது. கரண்டி பெரிதானால் லாபம் சட்டியிலேயே போய்விடும் என்பது அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வந்தவர் எத்தனை, வாங்கியவர் எத்தனை

விற்பனை என்பது முடிந்துபோன விஷயத்தைச் சொல்லும் எண். நடக்கப் போவதைக் கொஞ்சம் முன்னதாகச் சொல்லும் எண்களும் உண்டு. ஒரு வாரம் மட்டும் கடைக்குள் வருகிறவர்களைக் கோடு போட்டு எண்ணிப் பாருங்கள். குடும்பமாக வந்தால் ஒன்று என்று கணக்கு. ஒரு நாளைக்கு 60 பேர் வருகிறார்கள், 24 பில் போடுகிறோம், விற்பனை 10,000 என்றால், ஒரு பில்லுக்குச் சராசரி 417 ரூபாய்.

மேலே சொன்ன 12,300-ஐ எட்ட என்ன வழி? புதிதாக ஆள் பிடிக்க நோட்டீஸ் அடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் ஏற்கெனவே வந்த 60 பேரில் 36 பேர் வெறுங்கையோடு போகிறார்களே! அதில் ஆறு பேர் வாங்கினாலே 30 பில், 12,500 ரூபாய். இலக்கு வந்துவிட்டது. அவர்கள் ஏன் வாங்காமல் போனார்கள் என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரு சின்ன நோட்டு போதும். 'இல்லை' என்று நாம் சொன்ன பொருள்களை மட்டும் எழுதும் நோட்டு. "42 சைஸ் இல்லை", "கறுப்புக் கலர் இல்லை", "மக்கனா இல்லை". ஒரு மாதம் எழுதினால், அடுத்த கொள்முதலுக்கு எதை வாங்க வேண்டும் என்று மொத்த வியாபாரி சொல்வதைக் கேட்க வேண்டியிருக்காது. நம் வாடிக்கையாளர்களே சொல்லியிருப்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எண் நல்லது என்றவுடன் வேலையாள் தலையில் அதைக் கட்டிவிடக் கூடாது. பிரிட்டனின் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் நாணயக் கொள்கை பற்றி எழுதும்போது கவனித்த ஒன்று, பிறகு எல்லாத் துறைக்கும் பொருந்தும் விதியாக அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. ஓர் எண்ணை வைத்து ஆட்களை விரட்டத் தொடங்கிவிட்டால் அந்த எண் உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடும் என்பதே அதன் சாரம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்குகள், சேவைகள் வரை விற்க வேண்டும் என்று ஊழியர்களை நெருக்கியது. அவர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்து இலக்கை எட்டினார்கள். 2016 செப்டம்பரில் அந்த வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சுமார் 5,300 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அடுத்த மாதம் தலைமை நிர்வாகியும் பதவி விலகினார்.

நம் கடைக்கு இது எப்படிப் பொருந்தும்? பில்லுக்கு இவ்வளவு கமிஷன் என்று வைத்தால் பையன் ஒரே பில்லை இரண்டாகக் கிழிப்பான். பெரிய பில்லுக்கு என்று வைத்தால் வயதான உம்மாவிடம் சாயம் போகும் துணியைப் புகழ்ந்து தள்ளிவிடுவான். அடுத்த வாரம் அவர் திருப்பிக்கொண்டு வருவார், அதற்கடுத்து வரவே மாட்டார். குறையை மறைத்து விற்ற பாவமும் நம் கணக்கில்தான் சேரும். கமிஷன் வைப்பதானால், திரும்பி வந்த துணிகளையும் கூடவே எண்ண வேண்டும். அதைவிட நல்லது, 'இல்லை' நோட்டை ஒழுங்காக எழுதுகிறவனுக்கு மாதக் கடைசியில் ஏதாவது கொடுப்பது.

கடன் நோட்டு

குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகறா அத்தியாயத்தின் 282-வது வசனம், கடனை எழுதிவைப்பது பற்றியது. நமக்கெல்லாம் தெரிந்ததுதான். எழுதத்தான் செய்கிறோம். எழுதியதைக் கூட்டிப் பார்ப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. என் கடன் நோட்டில் மொத்தம் 1,40,000 ரூபாய் வெளியே நின்றது என்பது கடைசி மாதம்தான் எனக்குத் தெரிந்தது. அது பதினான்கு நாள் விற்பனை. இரண்டு வாரம் கடையைத் திறந்து சும்மா கொடுத்ததற்குச் சமம்.

மொத்தத் தொகையைவிட முக்கியம் அதன் வயது. முப்பது நாளுக்கு உட்பட்டது, தொண்ணூறு நாள் வரை, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். தொண்ணூறைத் தாண்டியது பெரும்பாலும் சொந்தக்காரர்களுடையதாக இருக்கும். கேட்க வெட்கம். இல்லாதவருக்கு அவகாசம் கொடுப்பதும் விட்டுக்கொடுப்பதும் நன்மைதான். ஆனால் அது தெரிந்து செய்கிற ஸதகாவாக இருக்கட்டும். மறந்துபோனதால் நேர்ந்ததாக வேண்டாம். நம்மை நம்பிச் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரிக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது.

பங்குப் பணமும் 'மாத லாபமும்'

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். நம் ஊர்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று சொந்தக்காரர் கடையில் போடுவதும், 'மாசம் இவ்வளவு அனுப்பிடுறேன்' என்று பேசிக்கொள்வதும் சாதாரணம். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த தொகையைக் கொடுப்பது முழாரபா ஆகாது, போட்ட பணத்துக்குக் குறித்த தொகை தருவது வட்டியின் வாசலுக்குத்தான் கொண்டுபோகும் என்று ஆலிம்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். முழாரபாவில் கிடைத்த லாபத்தை இன்ன விகிதத்தில் பிரிப்பது என்றுதான் பேச வேண்டும். நஷ்டம் வந்தால், உழைத்தவரின் அலட்சியம் காரணமில்லை எனும்போது, பணம் போட்டவருக்குப் பணத்தில் நஷ்டம், உழைத்தவருக்கு உழைப்பில் நஷ்டம்.

கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் ஏன் எல்லோரும் குறித்த தொகைக்குப் போகிறோம்? லாபம் எவ்வளவு என்று நமக்கே தெரியாததால்தான். நான் மச்சானுக்கு மாதாமாதம் அனுப்பிய 8,000 ரூபாய் லாபமே அல்ல, அவர் போட்ட முதலையே அவருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவர் லாபம் என்று நினைத்துச் செலவு செய்தார். கடையை மூடும்போது "மூணு வருஷமா லாபம் வந்துச்சே, இப்ப எப்படி முதலே இல்லேங்கிறீங்க?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் காட்ட ஒரு காகிதம்கூட இல்லை. அவர் என் மேல் சந்தேகப்பட்டதில் தவறு சொல்ல முடியாது. சொந்தம் அறுந்துபோகாமல் இருக்க மாமியார்தான் இரண்டு பெருநாள்களில் எங்களை ஒரே சஹனில் உட்கார வைக்க வேண்டியிருந்தது.

பணம் போடும் சகோதரர்களும் இதைக் கேட்டுப் பெறலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரே பக்கம்: விற்பனை, அடக்கம், செலவு, சரக்குக் கையிருப்பு, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது. சந்தேகப்பட்டுக் கேட்பது போலத் தோன்றும் என்று தயங்காதீர்கள். ஆரம்பத்திலேயே பேசி வைத்துவிட்டால் யாருக்கும் மனவருத்தம் வராது.

இந்த ஒரு பக்கத்தை யார் எழுதுவது? கடைக்காரருக்கு நேரம் இருக்காது என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் பி.காம். படித்துவிட்டு இருக்கும் மகளோ மருமகளோ வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் முடிந்துவிடும் வேலை இது. செல்போனில் உள்ள எக்செல் போதும், நோட்டுப் புத்தகமும் போதும். வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்கும், அபாயா தைத்துக் கொடுக்கும் சகோதரிகளுக்கு இதில் ஓர் எண் கூடுதலாக வேண்டும், அவர்களுடைய நேரம். 800 ரூபாய் கேக்குக்குப் பொருள் 450, பெட்டி, கேஸ் 70 போனால் 280 மிஞ்சும். நான்கு மணி நேரம் ஆகிறது என்றால் மணிக்கு 70 ரூபாய். விலையை ஏற்றுவதா, நேரத்தைக் குறைப்பதா, ஒரே நாளில் மூன்று ஆர்டர் சேர்த்து எடுப்பதா என்று அப்போதுதான் யோசிக்க முடியும்.

ரமளானை ரமளானோடு ஒப்பிடுங்கள்

போன வருடம் இதே மாதத்தை விடக் கூடியதா, குறைந்ததா என்று பார்ப்பதுதான் எல்லோரும் சொல்லும் முறை. நம் மஹல்லாவை நம்பியிருக்கும் ஜவுளி, செருப்பு, தையல், இறைச்சிக் கடைகளுக்கு இந்த முறை தப்பான பதிலைக் கொடுக்கும். பிறை ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. தமிழ்நாட்டில் 2024-இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 11. 2025-இல் மார்ச் 31. ஜவுளிக் கடைக்கு உயிரான கடைசிப் பத்து நாள் 2024-இல் ஏப்ரலில் விழுந்தது, 2025-இல் மார்ச்சில் விழுந்தது. இரண்டு ஏப்ரலையும் ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு வியாபாரம் படுத்துவிட்டது போலத் தோன்றியிருக்கும். மார்ச்சை ஒப்பிட்டவர் தலைகால் புரியாமல் அடுத்த கடைக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார்.

வருடக் கணக்கிலும் இதே கோளாறு. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான 2024-25 நிதியாண்டில் இரண்டு நோன்புப் பெருநாள்களின் வியாபாரமும் சேர்ந்துவிட்டது. அடுத்த நிதியாண்டில் ஒன்றுதான். அதைப் பார்த்துப் பயந்து ஆளைக் குறைத்தவர்களும் இருக்கலாம். ஜி.எஸ்.டி. பதிவுக்கும் இதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். மேலே சொன்ன 3,20,000 மாத விற்பனை வருடத்துக்கு 38,40,000. இரண்டு பெருநாள் ஒரே நிதியாண்டில் வந்தால் எல்லையைத் தாண்டிவிடும்.

அதனால் விற்பனை நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆங்கிலத் தேதியோடு பிறையையும் எழுதுங்கள். ரமளான் பிறை 20 முதல் 29 வரை இந்த வருடம் எவ்வளவு, போன வருடம் எவ்வளவு என்று எடுத்துப் பார்க்க அது உதவும்.

முழுச் சரக்கையும் எண்ணும் வேலையை ஷஃபான் மாதத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பலரும் ஜகாத்தை ரமளானில் கணக்கிடுவதால் சரக்கு எண்ணுவதையும் ரமளானுக்கே தள்ளிப்போட்டு, கடையில் கூட்டம் சேர்ந்தவுடன் 'ஒரு அஞ்சு லட்சம் இருக்கும்' என்று குத்துமதிப்பாகப் போட்டுவிடுகிறார்கள். விற்பனைக்கான சரக்கின் அன்றைய மதிப்பு, ரொக்கம், வங்கியில் உள்ளது, திரும்பி வரும் என்று நம்பக்கூடிய கடன், இவற்றில் கொடுக்க வேண்டியதைக் கழித்து 2.5 சதவீதம் என்பது பொதுவான கணக்கு. அலமாரி, ஏசி, தையல் மெஷின் இதில் சேராது. கழிப்பது எது, சேர்ப்பது எது என்ற நுணுக்கங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் போகும்போது கையில் ஷஃபானில் எண்ணிய பட்டியல் இருக்கட்டும்.